இன்றைக்குப் பேர் உண்டா?

சென்ற தவணையில் பத்தாந்தர மாணவருக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். "என் பெற்றோர் தொழில் செய்யும் இடம்" என்பது தலைப்பு. கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலே, மலை மடிப்பொன்றில் ஒதுங்கிக் கிடக்கும் பாடசாலை நம்முடையது. பிள்ளைகளில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் இறப்பர்த் தோட்டத்திலிருந்தும் வருபவர்கள். ஆகவே பசுமை போர்த்திய மலை, பனி படர்ந்த காலை, கூடை சுமந்த தாய் என்று நாம் பலமுறை திருத்திச் சலித்த வாக்கியங்களே மறுபடியும் வரும் என எண்ணியிருந்தோம். பல்கலைக்கழகத்தில் நான்காண்டு தமிழ் படித்துவிட்டு வந்தவர்களை, எந்தத் தலைப்புக்கும் இயற்கை வருணனையை எதிர்பார்க்கும் நோய் எளிதில் விடுவதில்லை.

இருபத்தேழு கொப்பிகள் வந்தன. வீட்டுக்கு எடுத்துச் சென்று விளக்கடியில் விரித்தபோது, மலையும் இல்லை, பனியும் இல்லை. அநேகமாக எல்லாக் கொப்பிகளிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. "அம்மாவுக்கு நேற்று அரைப்பேர்." "அப்பாவுக்கு இந்த மாதம் பன்னிரண்டு பேர்தான்." "பேர் இல்லாத நாளில் அம்மா யாருடனும் பேசமாட்டார்." ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "இரவில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்வார். நாங்களும் விழித்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்போம்." அதற்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருநூற்றைம்பது சொற்கள் கேட்டிருந்தோம். அவள் எழுதியது அரைப்பக்கம். எத்தனை புள்ளி போடுவதென்று தெரியாமல் அந்தக் கொப்பியை மட்டும் தனியே எடுத்து வைத்தோம்.

மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர் சிலருக்கு இந்தச் சொல்லின் பொருள் புதிதாக இருக்கலாம். தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலை. அந்த வேலைக்குரிய ஒரு நாட் சம்பளமும் அதுவே. விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குச் சென்று, கணக்கப்பிள்ளை காட்டிய மலையில் நிரை பிடித்து, பறித்த கொழுந்து தோட்டம் விதித்த அளவை எட்டினால் செக்ரோலில் அன்றைக்கு ஒரு பேர் போடப்படும். எட்டாவிட்டால் அரைப்பேர். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்; ஓரிடத்தில் 18 கிலோ என்பர், மற்றோரிடத்தில் 20 என்பர். கூடையின் எடைக்கென்றும் இலையில் ஒட்டிய நீருக்கென்றும் தராசடியில் சில கிலோ கழிக்கப்படுவதும் உண்டு. காலை முதல் மலையில் நின்ற ஒரு பெண், பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு கிலோவுக்காக, கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்தபடி நிற்கும் நிற்பை ஒருமுறை கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். பரீட்சைப் பெறுபேற்றைக் காண வரும் பிள்ளையின் முகமும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். பிள்ளைக்கு அது வாழ்நாளில் ஓரிரு தடவை. தாய்க்கு வாரத்தில் வேலை கிடைக்கும் எல்லா நாளும்.

சம்பளத்தைப் பற்றி நாடு நிறையவே பேசியிருக்கிறது. கூட்டு ஒப்பந்தப்படி, கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து, 2009இல் நாளொன்றுக்கு 405 ரூபா, 2011இல் 515, 2013இல் 620, 2016 ஒக்டோபரில் 730, 2019 ஜனவரியில் 750. ஆயிரம் ரூபா வேண்டுமென்று மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையணிந்து கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டது 2018இல். அந்த ஆயிரம் 2021 மார்ச்சில், ஒப்பந்தத்தின் வழியாக அன்றிச் சம்பளச் சபையின் வழியாக வந்தது; கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 மே மாதத்தில் 1,700 என்று வர்த்தமானி வெளிவந்தது. அதற்கும் நீதிமன்றத்தில் தடை வந்து, கடைசியில் செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ஆக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்துக் கொடுக்கவும் முன்மொழிந்தது.

இவை அற்பமானவை என்று நாம் சொல்ல வரவில்லை. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பதே 1984இல் வேலைநிறுத்தம் செய்து பெற்றதுதான். ஆயினும் இந்த எண்கள் எல்லாவற்றின் முன்னும் 'நாளொன்றுக்கு' என்ற சொல் நிற்கிறது. எத்தனை நாள்? தினசரிகளின் தலைப்பில் அந்த எண் வருவதில்லை. நம் மாணவரின் கொப்பியில்தான் வருகிறது. 1,350ஐ இருபத்தைந்தால் பெருக்கினால் 33,750. பன்னிரண்டால் பெருக்கினால் 16,200. ஒரே சட்டம், ஒரே வர்த்தமானி, ஒரே தோட்டம். சம்பளம் கூடிய ஒவ்வொரு முறையும் கிலோவும் கூடியது, நாளும் குறைந்தது என்ற முறைப்பாட்டை 2021க்குப் பின் நாம் கேட்காத தோட்டம் அரிது. ஆகையால் சம்பள உயர்வுச் செய்தி வானொலியில் வரும்போது லயத்தில் எழுவது மகிழ்ச்சி மட்டும் அன்று. "அப்ப இனி எத்தன கிலோவாம்?" என்பதே முதற் கேள்வி.

மழைச் சத்தத்துக்கு எழுந்து உட்காரும் தாயைப் பற்றி எழுதிய மாணவி அடுத்த இரண்டு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்ற சட்டத்தை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று உறுதி கொண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர்களுடைய இறப்பர்த் தோட்டத்துக்குப் போனோம்.

சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாப் படங்களில் காண்பவை போன்றவை அல்ல. இங்கே தேயிலை மலையும் இறப்பர்க் காடும் சிங்களக் கிராமத்தின் பாக்கு மரங்களும் வயலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. இரத்தினபுரியிலும் கேகாலையின் மலைப்புறத்திலும் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். தேயிலைக்கு மழை நண்பன். இறப்பருக்கு வேர் வரைக்கும் நண்பன், பட்டைக்குப் பகை. குளிர்ந்த வைகறையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின் வழியே சிரட்டைக்கு இறங்காமல் மரமெங்கும் பரந்து வீணாகிவிடும். ஆகவே நனைந்த மரத்தில் கத்தி வைப்பதில்லை. மரம் காயும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடுகிறது.

அந்த அம்மாள் வாசலில் வாளியைக் கழுவிக் கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு கதிரையை எடுத்துப் போட்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; அதற்கு முன்னால் தகரத்தால் இறக்கிய தாழ்வாரம். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மழ பேஞ்சா பேரு இல்ல சேர். காஞ்சாலும் பத்து மணிக்கு மேலதான் கத்தி வைக்க ஏலும். அப்ப பாலு ஓடாது. கிலோ வராது. அவ வந்து சிரட்டய ஊத்தி, ஒட்டுப்பால உருவிக் குடுத்தா நான் இன்னும் அம்பது மரம் பாப்பேன். அதுக்குத்தான் ரெண்டு வாரமா நிப்பாட்டினேன்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலும் அல்ல. வாதாடும் குரலும் அல்ல. கணக்குச் சொல்லும் குரல்.

"இரவிலே மழைக்கு எழுந்து உட்காருவீர்களாமே?" என்று கேட்டுவிட்டோம். அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகள் முகத்தைத் திருப்பிக் கொண்டாள்.

"பின்னால பாருங்க சேர்" என்று லயத்தின் பின்புறத்தைக் காட்டினார். லயத்துக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளிதான். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதும், அதே நாளில் புலத்கொஹுபிட்டியப் பக்கம் களுபான தோட்டத்தில் லயத்துக் குடும்பங்கள் மண்ணுக்குள் போனதும் இந்த மாவட்டத்தில் எவருக்கும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கேகாலை மறுபடியும் மண்சரிவுகளைக் கண்டது. "முதல்ல மேட்டப் பத்தித்தான் நெனப்பேன். மண்ணு வராதுன்னு தெரிஞ்ச பொறகு, விடிஞ்சா பேரு இல்லையேன்னு நெனப்பேன். அப்புறம் எங்க தூக்கம்?" என்றார்.

சட்டத்தைப் பற்றி நாம் ஆயத்தம் செய்துகொண்டு போன வாக்கியத்தை அன்று சொல்லவில்லை.

வேறொன்றையும் அவர் சொன்னார். சில மாதங்களுக்கு முன் தோட்டத்தின் தரத்தைச் சோதிக்க வெளியிலிருந்து இருவர் வந்தனராம். கையில் படிவம். வேலை பிடித்திருக்கிறதா, பாதுகாப்பு இருக்கிறதா, மேலாளர் மரியாதையாக நடத்துகிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். "பிடிச்சிருக்குன்னேன். எல்லாத்துக்கும் ஆமான்னேன். பக்கத்துல கண்டாக்கையா நிக்கிறாரு, வேற என்னத்தச் சொல்ல? ஆனா சேர், பொய்யும் சொல்லல்ல. வேல பிடிக்கும்தான். இந்த மரமெல்லாம் எனக்குத் தெரியும். எந்த மரம் எவ்வளவு பாலு தரும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நாளைக்கு வேல இருக்குமான்னு பயமா இருக்கான்னு மட்டும் அவங்க கேக்கல்ல."

தொழிலாளர் தம் தொழிலிடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறியப் படிவங்கள் பெருகிவரும் காலம் இது. தொழிற்சாலையிலும் வங்கியிலும் அவை பயன்படலாம். மாலையானால் வாயிலைக் கடந்து தன் வீட்டுக்குப் போகிறவன், அந்த வாயிலைத் திரும்பிப் பார்த்து நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியும். தோட்டத்துக்கு அப்படியொரு வாயில் இல்லை. வேலை கொடுப்பதும் தோட்டம். படுக்க இடம் கொடுப்பதும் தோட்டம். தண்ணீர்க் குழாய், பிள்ளைக் காம்பரா, மாரியம்மன் கோயில், தாத்தாவைப் புதைத்த மேடு எல்லாமே தோட்டம். குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி இல்லை. வீட்டில் ஒருவராவது செக்ரோலில் இருக்கவேண்டும், இன்றேல் காம்பரா போய்விடும் என்ற எண்ணம் பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்துகொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தின்மேல் ஒருவருக்கு இருப்பது திருப்தியா, அதிருப்தியா? மாமியார் வீட்டில் வாழும் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த எண்ணம் காரணமற்ற பயம் என்று படித்தவர் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் இதே கேகாலை மாவட்டத்தின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்கட்டும். 1946ஆம் ஆண்டு உந்துகொடப் பகுதியில், நம்மவர் உருளவள்ளி என்றழைக்கும் நேவ்ஸ்மயர் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் சுவீகரித்தது. காணி விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக அப்போது இருந்தவர் டி. எஸ். சேனநாயக்கா. தொழிலாளருக்கு வேலை முடிந்ததென்று அறிவித்தல் வந்தது. லயங்களை விட்டு வெளியேறும்படி கட்டளை வந்தது. அவர்கள் வெளியேற மறுத்தார்கள். தாம் பிறந்த காம்பராவிலேயே அத்துமீறிக் குடியிருந்தார்கள் என்று அவர்கள்மேல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்காக வேறு தோட்டங்களிலும் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அந்தக் காணியை எதிர்பார்த்திருந்த சிங்களக் கிராமத்தவனும் நிலமற்றவனே என்பதை மறந்துவிடக் கூடாது; அவனுடைய பாட்டனின் சேனை நிலத்தின்மேல்தான் கோப்பிக்காரன் தோட்டம் போட்டான். நிலமில்லாத இருவரை ஒரு துண்டு நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்திய காரியம் அது. ஆனால் லயத்தில் இருந்தவன் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றே: வேலை போனால் வீடும் போகும்.

இரண்டாண்டு கழித்து 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் அந்த நாட்டுக்கு, 3,00,000 பேர் இந்த நாட்டுக்கு என்று ஆட்களைப் பங்கிட்டது. அங்கேயும் 'பேர்'தான். எந்தப் பட்டியலில் தன் பேர் விழுந்ததென்று தெரியாமல் ஒரு தலைமுறையே அஞ்சல் சேவகனை எதிர்பார்த்திருந்தது. 1977லும் 1981லும் 1983லும் இந்த மாகாணத்தின் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. சிங்களக் கிராமத்து அயலவர் சிலர் தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதையும் நம் பெரியவர்கள் சேர்த்தே சொல்வார்கள். பலர் வவுனியாவுக்குப் போனார்கள்; பலர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளே நம் வகுப்பில் இருப்பவர்கள். குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்தது. வாக்கு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. இரவில் எழுந்து உட்காரும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று சிறு தோட்ட உடைமையாளரிடமிருந்தே வருகிறது. பெருந்தோட்டத்தின் செடிகளில் பல வயது முதிர்ந்தவை. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியதன் விளைவைத் தோட்டமும் அனுபவித்தது. 2019 முதல் பரவிய இலையுதிர்வு நோய் இறப்பர் மரங்களை மொட்டையாக்கியது. இவை பொய்யல்ல. ஆனால் இந்த நட்டங்கள் எல்லாம் இறங்கி வந்து தங்கும் இடம் எது என்று பார்த்தால், அது அந்த அம்மாளின் செக்ரோல் வரியாகவே இருக்கிறது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனபின், இலாபம் வந்த ஆண்டுகளில் எதுவும் அந்த வரிக்கு இறங்கி வந்ததாக நமக்குத் தெரியவில்லை. விலைப்பங்கு என்று கொடுத்த 30 ரூபாவையும் 50 ரூபாவையும் அப்படிச் சொல்லலாம் என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த அம்மாளின் தோட்டத்தில் ஒரு வதந்தி உலவுகிறது. முதிர்ந்த இறப்பர் மரங்களை வெட்டப் போகிறார்களாம். வெட்டிய பிறகு என்ன நடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்னரானால் முள்ளுத் தேங்காய் என்று சொல்லியிருப்பார்கள். எண்ணெய்ப் பனையை நம்மவர் அப்படித்தான் அழைப்பர்; அதற்கு இறப்பருக்கு வேண்டிய ஆட்களில் ஒரு சிறு பங்கு போதும். 2021 ஏப்ரலில் அரசாங்கம் அதை நடுவதற்குத் தடை விதித்தது. இப்போது சொல்லப்படுவது, நிலத்தைத் துண்டு துண்டாகத் தொழிலாளரிடமே பராமரிக்கக் கொடுத்து, விளைவதைத் தோட்டம் வாங்கிக்கொள்ளும் முறை. தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் இது ஏற்கெனவே நடக்கிறது. நம்மோடு வாசிகசாலையில் பேசிய இளைஞர் ஒருவர் இதை வரவேற்றார். "கணக்கப்பிள்ளை முகத்தில் விழிக்காமல் நம் விருப்பத்துக்கு வேலை செய்யலாம்" என்றார். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நிலம் அவன் பெயரில் இல்லை. செக்ரோலில் பேரும் இல்லை. பேர் இல்லாத இடத்தில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் எங்கிருந்து வரும்? முன்பு ஒரு நாளுக்கு இருந்த பயத்தை ஒரு போகத்துக்கு நீட்டிக் கொடுத்தது போலத்தான் நமக்குத் தோன்றுகிறது. இது நம் தவறான கணிப்பாகவும் இருக்கலாம்.

இளைஞரில் பலர் எதற்கும் காத்திருப்பதில்லை. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். அந்த மாணவியின் தந்தை இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குகிறார். அங்கே நாட்சம்பளத்தைவிடப் பங்குதான் பெரிது. கல் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் சாப்பாடு மட்டும். நிலத்துக்கடியில் மாணிக்கம் தங்கியிருக்கும் சரளை மண்படையைச் சிங்களத்தில் 'இல்லம' என்பர். தமிழ் படித்தவர் காதுக்கு அது இல்லம் என்றே கேட்கும். அவர் அந்த இல்லத்தைத் தேடி மாதக்கணக்காக இறைத்துக் கொண்டிருக்கிறார். "செக்ரோல்ல அரைப்பேர் வாங்கிறதுக்கு இது மேல், சேர். இங்க யாரும் நம்மள நிறுத்துப் பாக்கல்ல" என்று ஒருமுறை நம்மிடம் சொன்னார். வீடு திரும்பும்போது பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருகிறார்.

இவற்றையெல்லாம் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள ஓர் ஆசிரியர் எழுதுவது எளிது என்று வாசகர் நினைக்கலாம். நாமும் லயக் காம்பராவில் பிறந்தவர்தாம். அரைப்பேர் வந்த மாலையில் அம்மாவின் கண்ணில் படாமல் இருக்கப் பழகியவர்தாம். ஆனால் பத்தாண்டு மாதச் சம்பளம் மனிதனின் காதைச் சற்று மந்தமாக்கிவிடுகிறது என்பதை அந்த அரைப்பக்கக் கட்டுரையே நமக்கு உணர்த்திற்று. நம் சகாக்கள் சிலருக்கு அந்த வசதியும் உடனே கிடைக்கவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர் என்று நியமிக்கப்பட்டவர்கள் மாதம் 6,000 ரூபாவுக்கும் பின்னர் 10,000 ரூபாவுக்கும் ஆண்டுக்கணக்காகக் கற்பித்தார்கள். ஆசிரியர் அறையில் அவர்கள், "எங்களுக்கு எப்போது முழுப்பேர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

புறப்படும் வேளையில் அந்த அம்மாள் ஓர் உதவி கேட்டார். மரங்களை வெட்டினால் தங்களை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள், இதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கில் வருமா, காம்பராவில் யார் இருப்பார்கள் என்று கேட்டுத் துரைக்கு ஒரு கடிதம் எழுதவேண்டுமாம். லயத்தில் பதினான்கு குடும்பங்கள். பெண்கள் நாலைந்து பேர் அதற்குள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கடிதம் வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். கீழே பேர் போடுவது யார் என்று கேட்டபோதுதான் மௌனம் வந்தது. "பேரப் போட்டா நாளைக்குப் பேரு போட மாட்டாங்க" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

கடிதத்தை எழுதித் தருவதாக நாம் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் கையெழுத்து அந்தத் தோட்டத்து அலுவலகத்துக்குப் பழக்கமானது. பாடசாலைக்கு மணலும் மரமும் கேட்டு எழுதுவது நாமே. அரசாங்க ஆசிரியர் தோட்டத்து விவகாரத்தில் தலையிடுகிறார் என்று ஒரு முறைப்பாடு போனால், தூரத்துப் பாடசாலைக்கு ஓர் இடமாற்றம் வரக்கூடும். வீட்டில் கைக்குழந்தை. இவ்வளவும் ஒரு கணத்துக்குள் மனத்தில் ஓடின. "யாராவது எழுதிக் கொண்டுவாருங்கள், பிழை திருத்தித் தருகிறோம்" என்றோம். அந்த அம்மாள், "சரி சேர்" என்றார். நம்மைக் குறைகூறும் பார்வைகூட அவரிடம் இல்லை; அந்தப் பயத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். திரும்பி நடந்த இரண்டு மைல் தூரமும் அந்த "சரி சேர்" காதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாணவி பாடசாலைக்கு வந்தாள். இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் நின்று கொப்பியை நீட்டினாள். கடிதத்தை அவளே எழுதியிருந்தாள். ஒரு பக்கம் முழுதும், கீழே ஒன்று முதல் பதினான்கு வரை இலக்கமிட்ட கோடுகள். முதற் கோட்டில் தாயின் பெயர், எழுத்துக் கூட்டிப் பழகிய கையால் பெரிதாக. மற்றப் பதின்மூன்றும் வெறுமை. ரகர றகரப் பிழைகளைத் திருத்தி, 'தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்கிறோம்' என்றிருந்ததில் 'கெஞ்சி' என்பதை நீக்கிக் கொடுத்தோம். நல்ல தாளில் பிரதி செய்யும் வேலையை மட்டும் அவளிடம் கொடுக்கவில்லை. அன்றிரவு அதை நாமே எழுதினோம்.

திங்கட்கிழமை அந்தத் தாள் திரும்பி வந்தபோது அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஐந்து கோடுகள் இன்னும் காலி. மாணவிக்கு அதில் ஒரு சந்தேகம்: "சேர், அரைப்பேர்னு எழுதியிருக்கே, இங்கிலீஸ் தெரிஞ்ச துரைக்குப் போற கடிதம், அரைநாட் சம்பளம்னு மாத்தணுமா?"

அவருக்கு விளங்கும், அப்படியே இருக்கட்டும் என்றோம். அவளுடைய கட்டுரைக் கொப்பியை அன்றுதான் திருப்பிக் கொடுத்தோம். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கொப்பியைத் திறந்து பார்க்காமல் பைக்குள் வைத்துவிட்டு, சன்னல் வழியே மலையைப் பார்த்தாள்.